துஞ்சலும் அறிதுயிலும்

செத்தாரைத் துஞ்சினார் என்று கூறுதல் தமிழ் மரபு. நன்னூல் உரையாசிரியர்கள் இதனை மங்கல வழக்கிற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். வள்ளுவரும் நிலையாமை அதிகாரத்தில் சாக்காட்டை உறக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் ஒப்பிடுகின்றார். இவ்வொப்புமை வாழ்வோர்க்குச் சொல்லும் ஆறுதல் மட்டுந்தானா, அதனினும் ஆழ்ந்த பொருள் உடையதா என்பது ஆராயத்தக்கது.

துஞ்சிய வேந்தர்

சங்க கால மன்னர் பலர் அவர்கள் மறைந்த இடத்தாலேயே அறியப்படுகின்றனர். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்னும் பெயர்கள் புறநானூறு பயின்றோர் அறிந்தவை. இவ்வழக்கு சோழர் கல்வெட்டுகளிலும் தொடர்கின்றது. சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப்படுகின்றான். 949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் யானைமீதிருந்தவாறே வீழ்ந்த இராசாதித்தன் ஆனைமேற்றுஞ்சின தேவர் ஆனான். போர்க்களத்துக் கொடுஞ்சாவும் துயிலாகவே குறிக்கப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது. மறைந்த அரசர்க்கு எடுத்த நினைவுக் கோயில் பள்ளிப்படை எனப் பெயர் பெற்றது. அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசன் மேல்பாடியில் எடுப்பித்தது அத்தகையது. பள்ளி என்னும் சொல்லுக்குத் துயிலிடம் என்ற பொருளும் உண்டன்றோ!

எனினும், இவ்வழக்குகளில் யோகக் கருத்தைத் தேடுதல் மிகையாகும். இவை மரியாதை பற்றி எழுந்தவை. உறக்கத்தையும் இறப்பையும் தத்துவ நோக்கில் இணைத்த மரபு வேறிடத்தில் வளர்ந்தது.

காலன் கற்பித்த யோகம்

பிருகதாரணியக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் சனக மன்னனுக்கு முதலில் உறக்கத்தை விளக்குகின்றார். பறந்து களைத்துக் கூடு திரும்பும் பறவை ஆழ்ந்த உறக்கத்திற்கு உவமையாகின்றது. அதே உரையாடல் தொடர்ந்து இறப்பை நோக்கி நகர்கின்றது. அங்கே உயிர் நீங்கும் மனிதன் பெரும்பாரம் ஏற்றிய வண்டியாகின்றான். கடோபநிடதத்தில் நசிகேதனுக்கு ஆசிரியனாக அமைபவன் எமனே. புலன்களை அசையாது நிறுத்துதலே யோகம் என்னும் விளக்கம் அந்நூலில் காலன் வாய்மொழியாக வருகின்றது. பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்கியம் நனவு, கனவு, உறக்கம் ஆகியவற்றைக் கடந்த நான்காம் நிலையொன்றைக் கூறுகின்றது.

பதஞ்சலியார் உறக்கத்தை அடக்கத்தக்க ஐவகை மனவிருத்திகளுள் ஒன்றாக எண்ணினார். வாழ்வின்மீதுள்ள பற்று கற்றோரையும் விடாத துன்பம் என்றார். ஆகவே யோகம் என்பது வெறும் உறக்கமன்று என்பது தெளிவு. 15ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அடயோகப் பிரதீபிகை, பிணம்போல் மல்லாந்து கிடத்தலைச் சவாசனம் என்று பெயரிட்டு, அது களைப்பை நீக்கி மனத்திற்கு ஓய்வளிக்கும் என்கின்றது. அந்நூலே தன் இறுதிப் பகுதியில், சமாதி கூடிய யோகி இறந்தவர்போல் இருப்பார், ஆயினும் காலன் அவரை விழுங்குவதில்லை என்று மொழிகின்றது.

தமிழ்ச் சைவம் கண்ட வேறுபாடு

சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளை நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என ஐந்தாக வகுத்தது. நனவில் 35 கருவிகளோடு தொழிற்படும் உயிர், கனவில் 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2 எனப் படிப்படியாக இழந்து, இறுதியில் ஒன்றோடு நிற்கும். ஐந்தாம் நிலையின் தமிழ்ப் பெயரே மூச்சடங்குதலைக் குறிப்பது. இவ்வைந்தும் அறியாமையில் நிகழ்வன. இவற்றையே அருளின் வெளிச்சத்தில் நிகழும்போது நின்மல அவத்தைகள் என்பர். நிலைகளின் பெயர் ஒன்றே. அறிவு மட்டுமே வேறு.

இவ்வேறுபாடு சடங்கிலும் இடம் பெற்றது. திருமந்திரத்தின் ஏழாம் தந்திரத்தில் உள்ள சமாதிக் கிரியை, ஞானியர் உடலை எரித்தல் தகாது என்று கூறி, அதனை வைக்கும் குகையின் அளவுகளையும் வகுக்கின்றது. வைணவரோ அரங்கத்தில் பள்ளிகொண்டானின் துயிலை யோகநித்திரை என்றனர். அதற்கு அமைந்த அறிதுயில் என்னும் தமிழ்ச்சொல் அறிவையும் துயிலையும் ஒருங்கே கூட்டுகின்றது.

1896ஆம் ஆண்டு மதுரையில், திடீரெனச் சாவச்சம் பற்றிய 16 வயது மாணவர் ஒருவர், கைகால்களை விறைக்க நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, இவ்வுடல் எரிந்தபின் எஞ்சுவது யாது என வினவினார். அவரே பின்னாளில் திருவண்ணாமலையில் வாழ்ந்து 1950இல் மறைந்த இரமணர். யோக நூல் கற்று அவர் அதைச் செய்யவில்லை. அச்சமே அவரைப் படுக்கச் செய்தது, வினாவே எழுப்பியது.

நிறைவாக

உறக்கம், சமாதி, சாவு ஆகிய மூன்றும் புறத்தே நோக்குவார்க்கு ஒன்றுபோலவே தோன்றும். மூன்றிலும் உடல் அசைவற்றுக் கிடக்கின்றது. அகத்தே அறிவு விழித்திருத்தல் ஒன்றே சமாதியைப் பிரித்துக் காட்டுவது. இன்று யோகப் பயிற்சியின் முடிவில் சில நிமிட ஓய்வாகச் செய்யப்பெறும் சவாசனம், தன் பெயரிலேனும் இவ்வரலாற்றைச் சுமந்து நிற்கின்றது. துஞ்சினார் என்று இரங்கற்பா எழுதும் கவிஞர் மங்கல வழக்கைப் போற்றுகின்றார். அச்சொல்லின் அருகே அறிதுயில் என்னும் சொல்லும் தமிழில் உண்டென்பதை நினைந்து எழுதுவாராயின், அவ்விரங்கல் ஆறுதலோடு நில்லாது வினாவாகவும் விளங்கும்.