ஒட்டிய எலும்பும் மடங்காத முழங்காலும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் முறிவுச் சிகிச்சையின் வரலாறு

எலும்பு முறிவுச் சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர் 1881ஆம் ஆண்டை இரண்டு இடங்களில் குறித்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் ஹாலே நகரில் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் அந்த ஆண்டில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். முறிந்த கையை அளவுக்கு மீறி இறுகக் கட்டினால் தசைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே தசை செத்துவிடும். விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கி அப்படியே நின்றுவிடும் என்று அதில் விளக்கினார். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்த புத்தூருக்கு அருகே ஈஸ்வராபுரம் என்ற சிற்றூரில் கேசவராஜு என்பவர் எலும்புக்குக் கட்டுப் போடத் தொடங்கியதும் அதே 1881இல்தான் என்பது அவர் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வேட்டையில் அடிபட்ட முயலை இலைகளில் சுற்றி வைத்ததாகவும், முறிந்த அதன் கால் கூடியிருக்கக் கண்டு அந்த இலையை அவர் அடையாளம் கண்டதாகவும் கதை. முயல் கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள நான் சொல்லவில்லை. ஆனால் கட்டு என்ற ஒரே செயலின் பலத்தில் நம்பிக்கை வைத்து இங்கே ஒரு மரபு பிறந்த ஆண்டில், அதே செயலின் ஆபத்து அங்கே எழுத்தில் பதிவானது என்பதை இந்த வட்டாரத்தின் முறிவுச் சிகிச்சையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

புத்தூர்க் கட்டின் செய்முறையைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. பச்சிலைச் சாறு, முட்டையின் வெள்ளைக்கரு, துணி, மூங்கில் தப்பை. வெள்ளைக்கரு காய்ந்து துணியை விறைப்பாக்கும். தப்பை எலும்பை அசையாமல் பிடிக்கும். குறித்த நாள் இடைவெளியில் கட்டு மாற்றப்படும். அரக்கோணம்–ரேணிகுண்டா ரயில் பாதையில் ஊர் இருந்ததால் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பின்னர் ஊர்ப் பெயரே சிகிச்சையின் பெயராகித் தமிழ்நாட்டின் நகரங்கள்தோறும் பலகைகளில் ஏறியது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் புத்தூர் புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் போனது. எல்லைகள் இத்தனை முறை மாறியும் கட்டுக்குப் போகும் வழி மட்டும் மாறவில்லை.

இந்த நம்பிக்கையை அறியாமை என்று தள்ளுவது வரலாற்றுக்கு நியாயம் செய்யாது. தோல் கிழியாத, அதிகம் விலகாத முறிவு தானாகவே கூடும் இயல்புடையது. அதற்கு வேண்டியது ஓரளவு அசையாமையும் நாட்களும்தான். சிறுவர்களின் மணிக்கட்டு முறிவில் சிறிது கோணல் இருந்தாலும் வளர்ச்சியே அதை நிமிர்த்திவிடும். அகஸ்டோ சார்மியென்டோ 1960களில் அமெரிக்காவில் டிபியா (கீழ்க்கால் எலும்பு) முறிவுகளுக்கு அறுவை இல்லாமல், மூட்டுகளை அசையவிட்டபடி கவசக் கட்டுப் போட்டு நல்ல பலன் காட்டியபோது, தப்பை வைத்துக் கட்டியவர்களின் கைப்பழக்கத்தில் இருந்த உண்மைக்கு உடலியங்கியல் விளக்கம் கிடைத்தது. இங்கிலாந்தில் இன்னும் முன்னதாகவே ஒரு பாலம் கட்டப்பட்டிருந்தது. லிவர்பூலில் எலும்பு வைத்தியம் செய்துவந்த வேல்ஸ் குடும்பத்தின் ஈவன் தாமஸ் தம் மகன்களை மருத்துவம் படிக்க வைத்தார். அவர்களில் ஹியூ ஓவன் தாமஸ் வடிவமைத்த, காலைத் தாங்கும் சட்டம், அவர் மனைவி வழி மருமகன் ராபர்ட் ஜோன்ஸின் முயற்சியால் முதல் உலகப் போரில் பரவலாகி, தொடை எலும்பு முறிந்த வீரர்களின் சாவைப் பெருமளவு குறைத்தது. பரம்பரை அறிவு கல்லூரிக்குள் போய்ச் சோதிக்கப்பட்டு வெளியே வந்ததற்கு இது உதாரணம். நம் பக்கத்தில் அப்படியொரு கதவு திறக்கவில்லை. இலை ரகசியமாகவே இருந்தது. கட்டின் பலன் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

சிக்கலான முறிவில்தான் இந்தக் குறை வெளிப்படுகிறது. சிக்கல் என்று நான் சொல்வது மூன்று வகை. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே தெரியும் திறந்த முறிவு முதலாவது. மூட்டுக்குள் இறங்கி அதன் வழவழப்பான பரப்பைத் துண்டாக்கும் முறிவு இரண்டாவது. ரத்தக் குழாயோ நரம்போ சேர்ந்து அறுபடுவது மூன்றாவது. இவை மூன்றிலும் எலும்பு கூடுவது சிகிச்சையின் ஒரு பகுதி மட்டும்.

திறந்த முறிவுக்கு முதல் விடை 1865இல் கிளாஸ்கோவில் கிடைத்தது. வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத் துணி வைத்தார். அன்றைக்கு வழக்கமாயிருந்த கால் வெட்டலைத் தவிர்த்தார். 1867இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் இருந்தவர்கள் 11 பேர்தான். சிகிச்சை பெற்ற ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்று, இறந்தவரையும் மறைக்காமல் எழுதினாரே, அதுதான் என் கண்ணுக்கு அவருடைய பெரிய பங்களிப்பு. விளைவை எண்ணுதல் என்ற ஒழுக்கத்துக்கு அது ஒரு முன்மாதிரி.

சித்தூர்ப் பகுதிக்கு அந்த ஒழுக்கம் முதலில் தெற்கிலிருந்து வந்தது. முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை, சித்தூர்க்காரர்களுக்கு மாநில எல்லை தாண்டிய உள்ளூர் ஆஸ்பத்திரி. 1954இல் வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கமிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்யக் கற்றதும், 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் எழுந்ததும் தமிழ்நாட்டில் பலரும் அறிந்தவை. எலும்பைச் சேர்த்த பிறகு அந்த ஆளை வீட்டுக்கும் வயலுக்கும் திருப்பி அனுப்புவதும் மருத்துவத்தின் வேலைதான் என்பது அந்த மையத்தின் வழியே இந்த வட்டாரத்துக்குப் புரிந்தது. 1960இல் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி வந்தது. அதனுடன் இணைந்த ருயா ஆஸ்பத்திரி ஏழைகளின் முறிவுகளைத் தாங்கியது. 1985இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் தொடங்கிய பேர்ட் மருத்துவமனை முதலில் போலியோவால் முடங்கிய கால்களை நிமிர்த்தியது. போலியோ ஒழியத் தொடங்கிய பின் மூட்டு மாற்றமும் முறிவு அறுவையும் அதன் பணியில் பெருகின.

அறுவையின் நுட்பம் இதற்கிடையே சுவிட்சர்லாந்தில் உருமாறியது. 1958இல் மாரிஸ் முல்லரும் தோழர்களும் தொடங்கிய ஏ.ஓ. குழு நான்கு விதிகளை வைத்தது. மூட்டுப் பரப்பைப் பழைய வடிவில் பொருத்த வேண்டும். பிளேட்டும் ஸ்குரூவும் அசையாமல் பிடிக்க வேண்டும். எலும்பின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கக் கூடாது. நோயாளியைச் சீக்கிரம் அசையவிட வேண்டும். ஒவ்வொரு அறுவையையும் எக்ஸ்ரேயோடு ஆவணப்படுத்தும் வழக்கத்தையும் அவர்கள் கட்டாயமாக்கினார்கள்.

ஆனால் ஆவணம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும்போது பொய்யாகிவிடலாம். கணுக்காலுக்கு மேலே டிபியா நொறுங்கும் பிலான் முறிவுக்கு 1969இல் ரூடியும் ஆல்கோவரும் உடனடி பிளேட் அறுவை செய்து மிக நல்ல விளைவுகளை வெளியிட்டார்கள். அவர்களுடைய நோயாளிகளில் பெரும்பாலோர் பனிச்சறுக்கில் விழுந்தவர்கள். அதே முறையைச் சாலை விபத்தில் கால் நசுங்கியவர்களுக்குப் பிற நாடுகளில் செய்தபோது தோல் அழுகியது, சீழ் பிடித்தது, சிலருக்குக் காலே போனது. எலும்பு முறிந்த விதம் படத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் தோலும் தசையும் பட்ட அடி வேறு. வெளிச்சட்டம் வைத்து வீக்கம் வடியும்வரை பத்துப் பதினைந்து நாள் காத்திருந்து பிறகு பிளேட் வைக்கும் இரண்டு கட்ட முறை 1999இல் சர்கின் குழுவினரின் ஆய்வுக்குப் பின் உறுதிப்பட்டது. சென்னைச் சாலையில் லாரி மோதிய காலுக்கு ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்குக் காலை அளவுகோலாக்க முடியாது என்பதை மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகள் கழித்தே கற்றது.

இதே தவறு அளவுகோலிலும் நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது. முழங்கால் மூட்டின் அடித்தட்டு உடைவதை 1979இல் ஷாட்ஸ்கர் ஆறு வகையாகப் பிரித்தார். நம் அரசுக் கல்லூரிகளின் முதுநிலை ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் தலைப்புகளில் இதுவும் ஒன்று. விளைவை மதிப்பிட அவற்றில் பெரும்பாலும் பயன்படுவது, 1973இல் ஸ்வீடனில் ராஸ்முசன் வகுத்த 30 மதிப்பெண் முறை. வலி, நடை, நீட்டல், மடக்கல், மூட்டின் உறுதி ஆகிய ஐந்துக்கும் தலா ஆறு. மடக்கல் 140 பாகை இருந்தால் முழு ஆறு. 90 பாகையே இருந்தாலும் நான்கு. அதாவது 90 பாகைக்கு மேல் முழங்கால் மடங்காத ஒருவர் மற்ற நான்கிலும் முழு மதிப்பெண் பெற்றால் 28 வாங்கிவிடுவார். 27உம் அதற்கு மேலும் மிகச் சிறப்பு என்று அட்டவணையில் ஏறும்.

அந்த மிகச் சிறப்பான முழங்காலோடு சித்தூர் மாவட்டத்து விவசாயக் கூலி ஒருவர் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? அவரால் களை எடுக்கக் குந்த முடியாது. கழிப்பறையில் குந்த முடியாது. பந்தியில் சம்மணமிட்டு உட்கார முடியாது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். அதில் தெலுங்கில் மோகாள்ள பர்வதம் (முழங்கால் மலை) எனப்படும் செங்குத்தான பகுதி. முன்பு ஆண்டுதோறும் ஏறியவர் இனிப் பேருந்தில்தான் மலைக்குப் போவார். ஸ்வீடனில் நாற்காலியில் உட்கார்ந்து வாழ்ந்தவருக்காக வகுத்த அளவு இது. அங்கே அது நியாயமானது. இங்கே அது நோயாளி இழந்ததை மறைக்கிறது. எலும்பு ஒட்டியதா என்று மட்டும் கேட்ட நாட்டு வைத்தியரின் கேள்வியைக் குறுகியது என்று சொல்கிறோம். நம் ஆய்வேடுகளின் கேள்வியும் வேறொரு விதத்தில் குறுகியதுதான்.

உள்ளூர் அனுபவத்திலிருந்தே அளவுகோல் வகுக்க முடியும் என்பதற்குக் கோயம்புத்தூர் சாட்சி. 1978இல் டாக்டர் ஜே. ஜி. சண்முகநாதன் தொடங்கிய கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரனும் எஸ். ராஜா சபாபதியும் எலும்பு அறுவையையும் பிளாஸ்டிக் அறுவையையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். மேலைநாட்டில் புழங்கிய பழைய வகைப்பாடு, நசுங்கிய கால்கள் அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் போட்டது. எந்தக் காலைக் காப்பாற்றலாம் என்று அது சொல்லவில்லை. ஆகவே தோல், எலும்பு, தசை-நரம்பு மூன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை தனித்தனி மதிப்பெண். சர்க்கரை நோய், தாமதம் போன்ற உடன் காரணிகளுக்குக் கூடுதல் மதிப்பெண் என்று ஒரு கணக்கு உருவானது. 109 டிபியா முறிவுகளில் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். 14க்குள் இருந்தால் காலைக் காப்பாற்றலாம்; 17ஐத் தொட்டால் வெட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்; நடுவில் இருப்பவை அனுபவத்தின் முடிவுக்கு. தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்ட கால்களிலிருந்து பிறந்த இந்த எண்கள் இன்று உலகின் பல நாடுகளில் புழங்குகின்றன.

காலைக் காப்பாற்றியதே வெற்றியா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் எட்டு மையங்களில் 569 பேரைப் பின்தொடர்ந்த லீப் ஆய்வு 2002இல் சங்கடமான விடை தந்தது. கால் வெட்டப்பட்டவர்களுக்கும் காப்பாற்றப்பட்டவர்களுக்கும் இரண்டு ஆண்டு கழித்து வாழ்க்கையில் பெரிய வேறுபாடு இல்லை. வறுமை, குறைந்த படிப்பு, தோள்கொடுக்க ஆளில்லாமை ஆகியவை விளைவை வலுவாகப் பாதித்தன. இதை மனதில் வைத்துத்தான் ஆந்திரத்தின் இரண்டு நிகழ்வுகளை நான் எலும்பு மருத்துவ வரலாற்றில் சேர்க்கிறேன். 2005இல் 108 அவசர ஊர்தி வந்தது. 2007இல் ஏழைகளுக்கான ஆரோக்கியஸ்ரீ மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. பிளேட்டும் ராடும் வாங்கக் காசில்லாமல் கட்டுக்குப் போனவர்களுக்கு அறுவை அறையின் கதவு அப்போதுதான் திறந்தது. விளைவு மாறியதில் பிளேட்டின் வடிவத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் காப்பீட்டு அட்டைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இன்றும் இரண்டு வழிகளும் ஒரே நோயாளியின் உடலில் சந்திக்கின்றன. அறுவைக்குப் பயந்து கட்டுக்குப் போய், வாரங்கள் கழித்து மருத்துவமனைக்கு வருகிறவர் உண்டு. அதற்குள் மூட்டுத் துண்டுகள் விலகிய இடத்திலேயே கூடத் தொடங்கியிருக்கும். மூன்று நாளில் எளிதாக இருந்திருக்கக்கூடிய அறுவை மூன்று வாரத்தில் கடினமாகிவிடும். பிளேட் வைத்து வீட்டுக்குப் போனபின் வலிக்காக அதன் மேலேயே பச்சிலைக் கட்டுப் போட்டுக்கொள்கிறவரும் உண்டு. இறுகிய கட்டால் தசை சாவது நாட்டுக் கட்டுக்கு மட்டும் உரிய ஆபத்து அல்ல. மாவுக்கட்டும் அதைச் செய்யும். விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி, மரத்துப்போதல், வெளிறுதல் தெரிந்தால் எந்தக் கட்டாக இருந்தாலும் அந்த நேரமே வெட்டித் தளர்த்த வேண்டும் என்பதைக் கட்டுப் போடுகிற ஒவ்வொரு கையும் அறிந்திருக்க வேண்டும். 1881இல் ஹாலேயில் எழுதப்பட்டது ஈஸ்வராபுரம் வரை முழுமையாக வந்து சேர வேண்டுமானால், கட்டுகிறவர்களோடு மருத்துவக் கல்லூரி பேசத் தொடங்க வேண்டும்.

ஆய்வேடுகளின் படிவத்தில் சில வரிகளைச் சேர்ப்பது அதைவிட எளிது. முறிந்த நாளுக்கும் மருத்துவமனைக்கு வந்த நாளுக்கும் இடையே எங்கே கட்டினார்கள், எத்தனை நாள். ஓராண்டு கழித்துக் குந்த முடிகிறதா, சம்மணமிட முடிகிறதா, படி ஏற முடிகிறதா. பழைய வேலைக்குத் திரும்பினாரா, எத்தனை மாதக் கூலி போயிற்று. பெரும்பாலான ஆய்வேடுகள் இருபது முப்பது பேரை ஆறு மாதமோ ஓராண்டோ பார்த்துவிட்டு முடிகின்றன. மறுபரிசோதனைக்கு வராதவர் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார். அவர் குணமாகி வராமல் இருக்கலாம், பேருந்துக் காசில்லாமலும் இருக்கலாம், புத்தூருக்குப் போயிருக்கலாம். அவரைத் தேடி ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது போக வேண்டும்.