பரணில் தாத்தா துப்பாக்கி இருக்கா? பாலிஷ் போடாதீங்க!

புதுச்சேரி, தவளக்குப்பம் பக்கம் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போன ‘சொல்தா’ தாத்தாக்களின் கதைக்குப் பஞ்சமில்லை. அப்படியொரு வீட்டுப் பரணில் எழுத்து பொறித்த பழைய ரைஃபிள் கிடைத்தால்?

தேய்க்காதீங்க. பெயர், வருடம், ‘சேந்த் எத்தியேன்’ மாதிரியான ஆலை முத்திரை... இதுதான் துப்பாக்கியின் ஜாதகம். எழுத்து அழிஞ்சா மதிப்பும் போச்சு. அதுக்காக ‘நினைவுப் பதிப்பு’ என்றாலே அபூர்வம்னு நம்பிடாதீங்க. வின்செஸ்டர் கம்பெனி தன் நூற்றாண்டுக்காக 1966-ல் இறக்கிய ரைஃபிள்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்! புலிவரி பொறித்த திப்பு சுல்தான் துப்பாக்கிகளின் கதையே வேற; அவை லண்டன் ஏலம் வரை போயின.

இனிதான் முக்கியம். சுடக்கூடியது என்றால் லைசென்ஸ் கட்டாயம். 2019 சட்டத் திருத்தப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில்தான். ரிப்பேர் பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்கு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருகிறது. ஆனா, ‘இது சுடாது’ன்னு நீங்களே தீர்ப்பு எழுதக் கூடாது. உள்ளே குண்டுகூட இருக்கலாம்; தொடாமல் போலீஸுக்குத் தகவல் சொல்லுங்க.

பாரிஸ் மச்சானுக்கு அனுப்பிடலாம்னு நினைக்கிறீங்களா? நூறு வயது தாண்டியிருந்தால், 1972-ம் வருட தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும்.