படகும் பொதிச்சோறும்

2018 ஆகஸ்ட் நடுவில் கேரளத்தில் பம்பையும் அச்சன்கோவில் ஆறும் கரை மீறி செங்கன்னூர் வட்டாரத்தையே மூழ்கடித்தபோது, திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து லாரிகள் வடக்கே புறப்பட்டன. விழிஞம், பூந்துறை, புதுக்குறிச்சி, அஞ்சுதெங்கு என்று ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்தார்கள். லாரியில் ஒரு ஃபைபர் படகு, அதன் எஞ்சின், மண்ணெண்ணெய், கூடவே நாலைந்து பேர். நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். சாலை தண்ணீருக்குள் இறங்கி மறையும் இடம் வரை லாரி போகும். அங்கே தோள்கொடுத்துப் படகை இறக்குவார்கள்.

அதே திருவனந்தபுரத்தில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 2017 ஜனவரி 1 அன்று வேறொன்று தொடங்கியிருந்தது. நோயாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையாக இருப்பவர்களுக்கும் மதியம் வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு. காசு கிடையாது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் ‘ஹிருதயபூர்வம்’ என்ற பெயரில் நடத்தும் இந்த ஏற்பாடு பிறகு கேரளத்தின் மற்ற மருத்துவமனைகளுக்கும் பரவியது.

படகைத் துணிச்சலுக்கும் சோற்றைக் கருணைக்கும் உதாரணமாகச் சொல்வது வழக்கம். அப்படித் தனித்தனியாக வைத்தால் ஒன்று நமக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. மற்றது சின்ன விஷயமாகத் தெரிகிறது. சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் இரண்டுக்கும் அடியில் இருப்பது பிடிபடுகிறது. நல்ல மனசு எங்கும் உண்டு. இந்த இரண்டு இடத்திலும் அந்த மனசு எழுந்த உடனே அதை வேலையில் இறக்க ஆளும் அமைப்பும் ஏற்கனவே இருந்தன. எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

முதலில் படகுகள். கடலோர ஊர்களில் செய்தி போனது பெரும்பாலும் கிறிஸ்தவப் பங்குக்கோவில் வழியாக. பங்குத்தந்தை அறிவித்தார், இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள், சில மணி நேரத்தில் படகும் ஆளும் தயார். இது திடீரென்று பூத்த ஒற்றுமை இல்லை. ஒரு படகு கரை திரும்பவில்லை என்றால் ஊரே தேடப் போகும் பழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. வெள்ளத்துக்கு ஒன்பது மாதம் முன்பு, 2017 நவம்பர் 30இல், ஒக்கி புயல் இதே கரையைத்தான் குதறியது. எச்சரிக்கை தாமதமாக வந்தது. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அரசுத் தேடுதலில் நம்பிக்கை இழந்து பூந்துறைக்காரர்கள் தாங்களே படகெடுத்துக் கடலுக்குள் போனார்கள். தங்களுக்கு ஆபத்து வந்தபோது தாமதித்த நாட்டுக்காக, ஒன்பதே மாதத்தில், கேட்டதும் கிளம்பியிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்க்க அவர்கள் உட்காரவில்லை.

அவர்கள் போன தண்ணீர் அவர்களுக்குப் பழக்கமில்லாதது. கடலில் அலை வரும் திசை தெரியும். ஊருக்குள் பாயும் வெள்ளத்தில் மதில் எங்கே, இரும்புக் கதவு எங்கே, மின்கம்பி எங்கே என்று தெரியாது. மதிலில் மோதிப் படகின் அடி கிழியும். செடிகொடி சுற்றிக்கொண்டு எஞ்சினின் விசிறி நின்றுபோகும். ஒருவர் முன்னால் நின்று கம்பால் ஆழம் பார்க்க, மற்றவர் எஞ்சினைத் தூக்கித் தூக்கி ஓட்ட, மாடியிலிருந்து கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் இறக்கினார்கள். மாநிலமெங்கும் மீனவர்கள் மீட்டவர்கள் ஏறக்குறைய 65,000 பேர் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. முதல்வர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்றார்.

பொதிச்சோற்றுக்குப் படை என்ற பெயரெல்லாம் யாரும் வைக்கவில்லை. அதன் நடைமுறை எளிமையானது. அந்த எளிமையில்தான் அதன் பலம். ஒவ்வொரு நாளும் ஒரு பகுதியின் முறை. சில நாள் முன்பே தொண்டர்கள் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் எத்தனை பொதி முடியும் என்று கேட்டுக்கொள்வார்கள். ஒன்று சொல்லும் வீடும் உண்டு, பத்து சொல்லும் வீடும் உண்டு. தனியாகச் சமைக்க வேண்டாம்; அன்று வீட்டில் என்ன சமையலோ அதையே கொஞ்சம் கூட வைத்தால் போதும். வாழையிலையைத் தணலில் வாட்டி, சோறு வைத்து, ஓரத்தில் பயறுத் தோரன், தேங்காய்ச் சம்மந்தி, ஒரு முட்டைப் பொரியலோ மீன் துண்டோ, ஊறுகாய். மடித்து மேலே செய்தித்தாள் சுற்றினால் முடிந்தது. காலையில் வந்து வாங்கிப் போவார்கள். மதியம் பிரிக்கும்போது இலையின் வாடை சோற்றில் ஏறியிருக்கும். எந்தப் பொதியில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆயிரம் பொதி என்றால் ஆயிரம் அடுப்பு.

கட்சி சார்ந்த ஒரு சங்கத்தின் கொடியின் கீழ் நடப்பதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. கிளைகளும் முறைப்பட்டியலும் இருப்பதால்தான் நாள் தவறாமல் நடக்கிறது. கடற்கரையில் பங்குக்கோவில் செய்த வேலையை இங்கே ஒரு சங்கம் செய்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது தனிமனிதர்களின் இரக்கம். அது இன்று இருக்கும், நாளை அலுத்துப்போகும்.

இவை இரண்டும் உண்மையில் பிரியும் இடம் முகம். படகில் மீட்பவரும் மீட்கப்படுபவரும் நேருக்கு நேர். கை நீட்ட வேண்டும், அந்தக் கையைப் பிடிக்க வேண்டும். அங்கே பழைய நோய் தலைகாட்டியதும் உண்டு. மீட்கப் போன ஒரு மீனவர் சொன்னதாக அந்த நாட்களில் ஒரு செய்தி வந்தது: இது கிறிஸ்தவர்களின் படகா என்று கேட்டு ஒரு பிராமணக் குடும்பம் ஏற மறுத்தது, சில மணி நேரம் கழித்து, தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, மறுபடி கூப்பிட்டது. படகு திரும்பிப் போய் அவர்களை ஏற்றியது. அந்த வெள்ளக் கதைகளில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான். ஆற்றோட்டத்தை எதிர்ப்பதைவிட அந்த இரண்டாவது முறை போனதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும்.

பொதிச்சோற்றில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கட்டியவர் யார், எந்தச் சாதி, எந்த மதம், அடுப்பு யாருடையது, ஒன்றும் தெரியாது. இந்த மண்ணில் இது சாதாரணமல்ல. தமிழரான தைக்காடு அய்யாவு சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இதே நகரத்தில் எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தவர். 1917இல் செராயியில் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் சமபந்தி நடத்தியபோது சொந்தச் சமூகமே அவரை ஒதுக்கியது. அன்று ஒரு வேளை சோற்றுக்கு அவ்வளவு அடி. இன்று மருத்துவக் கல்லூரி வாசலில் அதே கலப்பு பேச்சுமூச்சில்லாமல் தினமும் நடக்கிறது. வரிசையில் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்த நம் ஊர்க்காரர்களும் நிற்கிறார்கள். பக்கத்திலேயே மண்டலப் புற்றுநோய் மையம். மாதக்கணக்கில் தங்க வேண்டியவர்களுக்கு ஒரு வேளைச் சோற்றுச் செலவு மிச்சமாவது பெரிய காரியம்.

முகம் தெரியாததால் அங்கே அன்பு குறைந்துவிடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பொதிக்குள் பள்ளி மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் இருந்தது செய்தியானது. அம்மா வீட்டில் இல்லை, அவசரமாகச் செய்தது, ருசி இல்லாவிட்டால் மன்னிக்க வேண்டும், சீக்கிரம் குணமாக வேண்டும் என்று அதன் சாரம். பார்க்கவே போகாத ஒருவரின் நாக்கைப் பற்றி அந்தப் பிள்ளை கவலைப்பட்டிருக்கிறது.

ஆனால் முகம் தெரிந்து செய்த உதவிக்குக் கிடைத்த கைம்மாறு அவ்வளவு நிலையாக இல்லை. 2018 ஆகஸ்ட் கடைசியில் மீனவர்களுக்குத் தலைநகரில் பாராட்டு விழா நடந்தது. இரண்டே ஆண்டில், 2020 ஜூலையில், பூந்துறையில் கொரோனா பரவியதும் அதே ஊரைச் சுற்றிக் கமாண்டோக்கள் நின்றார்கள். நோய்க்கூடு என்ற முத்திரை விழுந்தது. அத்தியாவசியப் பொருள் வாங்கவும் தட்டுப்பாடு. ஆத்திரத்தில் சிலர் சுகாதாரப் பணியாளர்களின் காரை மறித்தது தப்புதான். அடுத்த சில நாட்களில் அதே ஊர் மக்கள் அந்தப் பணியாளர்கள் மேல் பூத்தூவி வரவேற்றார்கள். மன்னிப்புக் கேட்கும் முறை தெரிந்த ஊர் அது. அவர்களைக் கொண்டாடிவிட்டு ஒதுக்கிய நகரத்தின் மற்றப் பகுதி அப்படி ஏதும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் ஒரு பக்கம் சாய்கிறேன். துணிச்சல் பெரிதா கருணை பெரிதா என்பதில் எனக்கு அக்கறையில்லை. பொதிச்சோற்றுக்கு முறைப்பட்டியல் இருக்கிறது, அன்று படகுக்கு இருக்கவில்லை. ஒருவர் ஒரு வேளைச் சோறு கொடுக்கக் கச்சிதமான ஏற்பாடு செய்த சமூகம், ஒருவர் உயிரைக் கொடுக்கத் துணிவதை அவரவர் நல்ல மனசுக்கும் பங்குக்கோவிலுக்குமே விட்டிருந்தது. அந்த மீனவர்களின் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே முதலப்பொழி துறைமுக வாயில் மணல் மேடிட்டு மழைக்காலத்தில் படகுகள் கவிழ்கின்றன. பல பத்துப்பேர் அங்கே இறந்திருக்கிறார்கள். கவிழ்ந்தவரைத் தூக்க முதலில் பாய்வதும் பக்கத்துப் படகுக்காரர்தான். எந்தத் துறையில் எத்தனை படகு, எந்த லாரி, யார் யார் போவது, படகு உடைந்தால் யார் பணம் தருவது, ஆள் போனால் குடும்பத்துக்கு என்ன என்பதெல்லாம் அடுத்த மழைக்கு முன்பே எழுதி வைக்கக்கூடியவை. முதலப்பொழியின் மணலை நேரத்துக்கு வாருவதும் அந்தப் பட்டியலில் முதல் வரியாக இருக்க வேண்டும்.