மரச்சீனியும் பெருச்சாளியும்

மினியாபொலிஸில் வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து வரும் வழியில் ஒரு வியட்நாம்காரர் கடை உண்டு. உறைபெட்டியில் மரச்சீனி இருக்கும். தொலி உரித்து, துண்டு போட்டு, பாக்கெட்டில் அடைத்தது. ஒரு பல் தடம் இருக்காது. எனக்கு அதுதான் உறுத்தும். நெய்யாற்றின்கரைப் பக்கம் எங்கள் பாட்டாவின் விளையில் பல் படாத மூட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

(மரவள்ளி, கப்பை, குச்சிக்கிழங்கு என்று ஊருக்கு ஒரு பெயர். எங்களுக்கு மரச்சீனி.)

பல் பெருச்சாளியுடையது. மலையாளத்தில் பெருச்சாழி, இன்னொரு பெயர் துரப்பன். துரப்பணம் என்று தச்சர் வைத்திருக்கிறாரே, அதே சொல்தான். ஆங்கிலக்காரன் இதற்குப் பெயரைத் தெலுங்கிலிருந்து எடுத்தான்: பந்திக்கொக்கு, பன்றி எலி. அதுதான் பேண்டிகூட் ஆனது. நன்றாக வளர்ந்தது ஒரு கிலோவைத் தொடும்.

மரச்சீனிக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி கிடையாது. நெல்லை எலி தின்றால் கண்ணுக்குத் தெரியும். இங்கே மண்ணுக்குள்ளேயே வளை தோண்டி வந்து கிழங்கை அடியிலிருந்து குடையும். மேலே கம்பும் இலையும் பச்சையாக நிற்கும். பத்து மாதம் காத்திருந்து மூட்டைப் பிடுங்கினால் கையில் வருவது வெறும் கூடு. பாட்டா அதைத் தூக்கிக் காட்டி, "மக்கா, கெழங்கு அவனுக்கு, தொலி நமக்கு" என்பார்.

தென்னமெரிக்கப் பயிர் இது. போர்ச்சுக்கீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரில் இதை ஊர் ஊராகப் பரப்பியவர் விசாகம் திருநாள் ராமவர்மா. 1880 முதல் 1885 வரை ஐந்தே வருடம் ஆண்டவர், செடிகொடிகளில் பைத்தியம். மேட்டு நிலத்தில், உரமில்லாத மண்ணில் விளையும் சோறு என்று கண்டுகொண்டார்.

ஆனால் கிழங்கில் விஷம் உண்டு. வெட்டினாலோ கடித்தாலோ சயனைடு வெளியாகும். அதனால்தான் நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுகிறோம். கசப்பு ரகங்களில் விஷம் அதிகம், தித்திப்பு ரகங்களில் குறைவு. இந்த விஷம் செடி தனக்குக் கட்டிக்கொண்ட வேலி. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுப் பெண்கள் தெரிந்தே கசப்பு ரகத்தை நடுகிறார்கள். மிருகமும் தொடாது, திருடனும் பிடுங்கமாட்டான் என்று.

நாம் செய்தது நேர்மாறு. மலேயாவிலிருந்து எம்-4 என்று ஒரு ரகம் வந்தது. வெந்தால் மாவாக உடையும், மீன் குழம்புக்கு அப்படி ஒரு சேர்க்கை. கசப்பு மிகக் குறைவு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1971-ல் எச்-97, எச்-165, எச்-226 என்று கலப்பின ரகங்களை வெளியிட்டார்கள். விளைச்சல் அதிகம், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஏகப் பொருத்தம். ஆனாலும் வீட்டுச் சட்டிக்கு எம்-4 தான் என்று எங்கள் ஆட்கள் அடம்பிடித்தார்கள். நமக்குப் பிடித்தது பெருச்சாளிக்கும் பிடித்தது. இரண்டு பேருக்கும் ஒரே நாக்கு :-)

நிற்க. அதை எப்படித்தான் விரட்டினார்கள்? மூங்கிலை வளைத்துச் செய்த எலிவில்லு முதலில். தஞ்சாவூரில் கிட்டி என்பார்களே, அதற்கு அண்ணன் தம்பி. சுட்ட தேங்காய்த் துண்டுதான் இரை. (பழவங்காடியில் கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, அவர் வாகனத்துக்கும் தேங்காய் வைப்பார் பாட்டா.) பிறகு கறுப்புப் பொடி, அதாவது ஜிங்க் பாஸ்பைடு. அதில் ஒரு சூட்சுமம். ஒரு எலி கொஞ்சம் தின்று உயிர் தப்பினால் மறுபடி அந்த இரையைத் தொடாது. அதனால் இரண்டு மூன்று நாள் வெறும் இரை வைத்துப் பழக்கிவிட்டு அப்புறம்தான் மருந்து கலக்க வேண்டும். பக்கத்து விளைக்காரர் அன்றைக்குச் சும்மா இருந்தால் ஒரு மாதத்தில் அவருடைய கூட்டம் இங்கே குடிவந்துவிடும். சீமைக்கொன்னைப் பட்டையோடு கோதுமையை வேகவைத்து வைப்பவர்களும் உண்டு. அந்த மரத்தின் விஞ்ஞானப் பெயரான கிளைரிசிடியாவுக்கே எலிக்கொல்லி என்றுதான் பொருள்.

நான் இருக்கும் மினசோட்டாவிலும் வயலைத் துளைக்கும் கோஃபர் உண்டு. வயோலா என்ற சிற்றூரில் 1874-ல் கோஃபர் கால்களை எண்ணிக் காசு கொடுக்க ஆரம்பித்தது, இன்றும் வருடாந்திரத் திருவிழாவாக நடக்கிறது. பாட்டா கேட்டிருந்தால் பணக்காரர் ஆகியிருப்பார்.

பாட்டா விளையின் ஓரத்தில் மட்டும் எப்போதும் ஒரு வரிசை கசப்பு மரச்சீனி நின்றது. யாரும் தின்பதில்லை, எதற்கு என்று சின்ன வயதில் கேட்டேன். எலிக்கு வேலி என்றார். அந்த வேலியைத் தாண்டி உள்ளே வருகிறதே என்றேன். வரும்தான் என்றார். பிறகு பாட்டி சொன்னாள். 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ஊரெல்லாம் மரச்சீனிதான் சோறு. அடுத்த வருடம் இவர்கள் விளையில் நல்ல கிழங்கை முழுக்கப் பெருச்சாளி தின்றுவிட்டிருந்தது. மிஞ்சியது ஓரத்து வரிசை. சீவி, ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்து, பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் பாட்டா முதலில் தின்று சாயங்காலம்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். ராத்திரிதான் மற்றவர்கள் தின்றார்கள்.