விதியின் மறந்த பாதி

1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதுவடிசாலையொன்றை அடுத்துக் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டியின்மேல் தேங்கிய கரியமில வாயுவை நீரில் கரைத்துக் காட்டினார். அழுத்தத்திற்கேற்பவே வாயு கரையும் என்று 1803இல் வில்லியம் ஹென்றி விதி வகுத்தார். வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அமெரிக்க வீடுகளில் பியர் வடிக்க வழிவிட்டது. குளிர்பான நிறுவனங்கள் கழித்த எஃகுக் கலன்கள் பின்னர் அவ்வீடுகளைச் சேர்ந்தன. நுரை பொங்கினால் பலரும் உடனே ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். சில நாளில் பியர் சப்பென்றாகிவிடுகிறது. நாம் ஹென்றியின் நிபந்தனையிலிருந்து தொடங்குவோம்: கலனும் குழாயும் ஒரே குளிர்ச்சியில் உள்ளனவா? வாயு உருளை விரைவில் தீர்ந்தால் மட்டும் இணைப்புகளில் சோப்புநீர் தடவுவோம். கசியுமிடத்தைக் குமிழியே சொல்லிவிடும்.