கார் போகாத தீவுக்குக் கார் போன கதை

போன வருஷம் செமஸ்டர் லீவில் ஒரு ஆசை. மதுரையிலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கார் என்றால் பெரிய கற்பனை வேண்டாம். தங்கச்சிமடத்தில் இருக்கும் சித்தப்பாவின் பழைய மாருதி 800. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே செல்ஃப் எடுப்பதில் தகராறு. மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பேட்டரி போச்சு என்றார்கள், மாற்றினேன். செல்ஃப் மோட்டார் போச்சு என்றார்கள், அதையும் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் "நாளைக்கு வாங்க தம்பி". நான்கு நாளைக்குப் பிறகு சாவியைக் கொடுத்தார்கள். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு முழுக்கக் காலி.

உச்சிப்புளி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். டீக்கடையில் இருந்த நாலு பேர் எழுந்து வந்து தள்ளினார்கள். செகண்ட் கியரில் போட்டு கிளட்சை விட்டதும் வண்டி ஒரு உதறு உதறிவிட்டுக் கிளம்பியது. மண்டபத்தில் ஒரு சின்ன ஷெட்டில் வயதான பாய் ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். பேட்டரியைத் தொடவே இல்லை. பாடிக்குப் போகிற எர்த் ஒயரைக் கழற்றினார். முனை முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, முறுக்கிவிட்டார். "இப்பப் போடுங்க தம்பி." ஒரே சாவியில் ஸ்டார்ட்! நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

"இது வண்டியோட நோய் இல்ல தம்பி, ஊரோட நோய்" என்றார். அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஊருக்கு எப்படி இந்த நோய் வந்தது, இந்தக் கரைக்குக் கார் எப்படி வந்து சேர்ந்தது என்று தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

காருக்கு முன்னால்

ராமேஸ்வரம் பயணம் என்பது காரை விடப் பல நூறு வருஷம் பழையது. காசிக்குப் போனவன் ராமேஸ்வரம் வந்தால்தான் யாத்திரை முடியும் என்பது நம்பிக்கை. வடக்கிலிருந்து மாதக்கணக்கில் நடந்து வந்தவர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் கஷ்டம். வெயில், மணல், குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. சேதுவின் காவலர்கள் என்று பெயர் பெற்ற ராமநாதபுரம் சேதுபதிகள் அதனால்தான் வழிநெடுக சத்திரங்களைக் கட்டிவைத்தார்கள். முகுந்தராயர் சத்திரம் மாதிரி ஊர்ப் பெயர்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் இன்று 'எங்கே பெட்ரோல் பங்க், எங்கே பஞ்சர் கடை' என்று மேப்பில் பார்த்துக் குறித்துக்கொள்வதைத்தான் அவர்கள் 'அடுத்த சத்திரம் எவ்வளவு தூரம்' என்று கேட்டுச் செய்தார்கள்.

வண்டி தள்ளுவதற்கும் எங்கள் கரையில் ஒரு சரித்திரம் உண்டு. 1897 ஜனவரி 26-ம் தேதி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி, இலங்கை வழியாகப் பாம்பனில் வந்து இறங்கினார். வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. சுவாமிகள் ஏறிய சாரட்டின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே இழுத்தார்கள், மன்னரும் சேர்ந்து இழுத்தார். உச்சிப்புளியில் என் வண்டியைத் தள்ளிய நாலு பேரும் அந்தப் பரம்பரைதான் என்று நினைத்துக்கொண்டேன் :)

ரயில் மட்டும் போன தீவு

ரயில் 1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை வந்துவிட்டது. அதற்கு மேல் கடல். யாத்ரீகர்கள் படகில் பாம்பனுக்குப் போனார்கள். 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுவில் ஷெர்சர் என்ற அமெரிக்க எஞ்ஜினியரின் பெயர் கொண்ட தூக்குப் பாலம். கப்பல் வந்தால் இரண்டு கைகளைத் தூக்குவது போல இரண்டு பக்கமும் எழும்பும். அந்த வருஷமே தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும் ஓட ஆரம்பித்தது. சென்னையில் டிக்கெட் எடுத்து ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போய்விடலாம். இதுதான் போட் மெயில்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1914-லேயே ராமேஸ்வரத்திலிருந்து கடல் தாண்டி இன்னொரு நாட்டுக்கு வசதியாகப் போக முடிந்தது. ஆனால் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 74 வருஷம்! காரில் வந்தவர்கள் மண்டபத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும்.

நடுவில் 1964. டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போயிற்று. பாம்பனிலிருந்து போன 653-ம் நம்பர் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் சிக்கியது, உள்ளே இருந்தவர்கள் மாண்டார்கள். பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. பின்னாளில் டெல்லி மெட்ரோ புகழ் பெற்ற இ. ஸ்ரீதரன் அப்போது இளம் எஞ்ஜினியர். மூன்று மாதத்தில் சரிசெய்யச் சொன்ன பாலத்தை 46 நாளில் ஓட வைத்தார். கடலுக்குள் விழுந்த கர்டர்களில் பலவற்றைத் தேடி எடுத்தே திரும்பப் பொருத்தினார்கள். புது ஸ்பேருக்குக் காத்திருக்காமல் பழையதை மீட்டு ஓட்டுவது, நம்ம ஊர் மெக்கானிக் செய்வதும் அதுதானே?

அம்பாஸடர் காலம்

அந்தக் காலத்தில் காரில் நெடுந்தூரம் போவதென்றால் என்ன பாடு என்று பெரியப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நாட்டில் மூன்றே வகைக் கார்கள்தான் பெரும்பாலும். 1958 முதல் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாஸடர். பம்பாயில் செய்த ஃபியட், அதுதான் பிறகு பத்மினி ஆனது. நம்ம சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எதை புக் பண்ணினாலும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கிடைத்த வண்டியை யாரும் விடமாட்டார்கள். இருபது வருஷம், முப்பது வருஷம் தட்டிக்கொட்டி ஓட்டுவார்கள்.

பெரியப்பாவின் டிக்கியில் எப்போதும் இருந்தவை: ஸ்டெப்னி, ஜாக்கி, ஒரு ஃபேன் பெல்ட், ஸ்பார்க் பிளக் இரண்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பாயிண்ட் ஒரு செட், உப்புத்தாள், ஒரு கேன் தண்ணீர், ஒரு பழைய துணி. தண்ணீர் ரேடியேட்டருக்கு. துணி பெட்ரோல் பம்புக்கு! பரமக்குடி வெயிலில் எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் இழுக்காமல் வண்டி நின்றுவிடும். பம்ப் மேல் ஈரத் துணியைப் போட்டு, வேப்பமர நிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் மறுபடி கிளம்பும்.

ஆனால் ராமநாதபுரம் சீமையில் அந்தக் கேன் தண்ணீரும் ஒரு பிரச்சினை. பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இன்னும் கொதிக்கும், இன்னும் ஊற்ற வேண்டும். குடிக்கவே குடம் கணக்கில் நல்ல தண்ணீர் வாங்கிய வீடுகளில் காருக்கு எங்கே போவது? கடற்கரைக் கார்களை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவ வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

துருவின் தலைநகரம்

இப்போது பாய் சொன்ன 'ஊர் நோய்'க்கு வருவோம். இரும்பு துருப்பிடிக்க ஆக்ஸிஜனும் ஈரமும் போதும். கடற்காற்றில் கூடவே உப்பு வருகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். அந்த உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் துரு வேகமாகப் பிடிக்கும். குளோரைடு, உலோகத்தின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தையும் உடைத்துவிடும். பாம்பன் ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் உப்புக் காற்று, வருஷம் முழுக்க. அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தபடியாக உலகிலேயே அதிகம் துரு பிடிக்கும் இடம் இது என்று சொல்வார்கள்.

இதை ஆராயவே ஒரு நிலையம் இருக்கிறது என்பது எனக்குப் புது விஷயம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-ல் திறக்கப்பட்டது. அதன் துரு ஆய்வு மையம் ஒன்று மண்டபத்தில் இருக்கிறது. உலோகத் தகடுகளைச் சட்டத்தில் மாட்டிக் கடற்காற்றில் வைத்துவிடுவார்கள். குறிப்பிட்ட காலம் கழித்து எடுத்து, துருவை நீக்கி எடை போட்டால் எவ்வளவு உலோகம் கரைந்தது என்று தெரிந்துவிடும். அந்தத் தகடு வேலையைத்தான் சித்தப்பாவின் மாருதி பத்து வருஷமாகத் தங்கச்சிமடத்தில் செய்துகொண்டிருந்தது. கதவின் அடிப்பாகம், சைலன்சர், பேட்டரி முனை, எர்த் ஒயர் என்று வரிசையாக.

மதுரைக்காரருக்கு இது தெரியாதது அவர் குற்றம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. செல்ஃப் எடுக்காவிட்டால் பேட்டரியைப் பார்ப்பதுதான் அவருக்குப் பழக்கம். பாய் முதலில் எர்த்தைப் பார்க்கிறார். ஏனென்றால் பாலம் வருவதற்கு முன், பையனாக இருந்தபோது, மண்டபத்தில் யாத்ரீகர்கள் விட்டுப்போன கார்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். இரண்டு மூன்று நாள் கழித்துத் தரிசனம் முடித்து வருவார்கள், வண்டி கிளம்பாது. அதைக் கிளப்பிவிடுவதுதான் அவருடைய முதல் வேலையாம்.

பாலமும் அதற்குப் பிறகும்

சாலைப் பாலத்துக்கு 1974-ல் அடிக்கல் நாட்டினார்கள். 14 வருஷம் கழித்து, 1988 அக்டோபர் 2-ம் தேதி ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 2.345 கிலோமீட்டர். கப்பல் அடியில் போகும்படி நடுவில் உயர்ந்து இறங்கும். இன்று எல்லாரும் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கிறார்கள். ரயில் பாலத்திலும் காலம் மாறிவிட்டது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. செங்குத்தாகத் தூக்கும் புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. பழையதை நிறுத்தியதற்கும் காரணம் துருதான்.

கார் ராமேஸ்வரம் வந்தும் தனுஷ்கோடிக்குப் போக முடியவில்லை. 1964-க்குப் பிறகு அங்கே ரயிலும் இல்லை, தார் ரோடும் இல்லை. சொந்தக் கார் முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஜீப்பும் வேனும்தான். மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் அவற்றை ஓட்டிய டிரைவர்கள் தனி ரகம். டயரில் காற்றைக் குறைத்துக்கொள்வது, பழைய தடத்தை விடாமல் பிடிப்பது, மணலில் பிரேக் அடிக்காமல் இருப்பது என்று அவர்களுக்கு ஒரு கல்வியே இருந்தது. ஒவ்வொரு நாளும் உப்புநீரில் முங்கி வரும் வண்டிகள் அவை. அவற்றை ஓட வைத்த மெக்கானிக்குகளுக்குச் சிலையே வைக்கலாம்.

2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டருக்குத் தார் ரோடு திறக்கப்பட்டது. அதன் பிறகு என்னை மாதிரி ஆள் கூட மாருதி 800-ல் தனியாகப் போய் நிற்க முடிகிறது. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மணலில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சவாரி போய்விட்டது.

அன்று அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் கடல். ரோட்டின் மேல் அங்கங்கே மணல் ஏறிக் கிடந்தது. திரும்பும்போது வண்டி கிளம்புமா என்று பயந்து எஞ்சினை நிறுத்தாமலேயே ஐந்து நிமிஷம் கடலைப் பார்த்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. பாய் சரிசெய்த வண்டி, ஏன் பயப்பட வேண்டும்? நிறுத்திவிட்டு இறங்கினேன். அரை மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினேன். ஒரே தடவையில் எடுத்தது.

நீங்களும் தனியாகப் போவதாக இருந்தால் டயரில் காற்று, ஸ்டெப்னி, கூலன்ட் பாருங்கள். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பாலத்தில் பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கும், மெதுவாகப் போங்கள். பொழுது சாய்வதற்குள் தனுஷ்கோடியை விட்டுத் திரும்பிவிடுங்கள். டிக்கியில் ஒரு துண்டு உப்புத்தாளும் கொஞ்சம் கிரீஸும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நான் இரண்டு குடம் ஊற்றிக் கழுவினேன். சித்தி பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது குடத்தைத் தூக்கியபோது மட்டும் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.