அழுத்தம் ஏன் இடம் மாறுகிறது?

ஆங்கிலத்தில் 'வெல்-நோன்' என்ற சொல்லை அகராதியில் பாருங்கள். முக்கிய அழுத்தம் 'நோன்' மேல் இருக்கும். ஆனா 'எ வெல்-நோன் ரைட்டர்' என்று ஆங்கிலேயர் சொல்லும்போது அழுத்தம் 'வெல்' பக்கம் நகர்ந்துவிடும். அகராதி தப்பா, பேசுறவங்க தப்பா? ரெண்டுமே இல்லை.

இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. 18ஆம் நூற்றாண்டில் புழங்கிய டில்வொர்த்தின் எழுத்துக்கூட்டுப் புத்தகம் 'ஹேபிட்' என்பதை 'ஹே-பிட்' என்று பிரித்தது. 1783ல் நோவா வெப்ஸ்டர் அதை 'ஹேப்-இட்' என்று மாற்றினார். அழுத்தம் விழும் குறில் ஓசைக்குப் பின்னால் மெய்யெழுத்து வந்து அசையை அடைக்கணும், அப்பதான் குழந்தை சரியா உச்சரிக்கும் என்பது அவர் வாதம். அதாவது, அசையைப் பிரிக்கவே அழுத்தம் தெரியணும்!

நம்ம கணினித் துறையும் இதில் மாட்டியது. டெக் மென்பொருளுக்காக ஃபிராங்க் லியாங் 1983ல் எழுதிய ஆய்வேட்டில் 4,447 வடிவங்களை வைத்து, அகராதியின் பிரிப்பு இடங்களில் 89 சதவீதத்தைக் கண்டுபிடித்தார். எழுத்துகளை மட்டுமே பார்க்கும் முறை அது. 'பிரசென்ட்' பெயர்ச்சொல்லா இருந்தா அழுத்தம் முன்னால், வினைச்சொல்லா இருந்தா பின்னால். அதற்கேற்ப அசையும் மாறும். அதனால டெக்கின் 14 விதிவிலக்குகளில் 'பிரசென்ட்', 'புராஜெக்ட்' இரண்டையும் பிரிக்கவே கூடாது என்று வைத்துவிட்டார்கள். ஹைஃபன் உள்ள கூட்டுப் பெயரடைகளை டெக் அந்த ஹைஃபனில் மட்டும்தான் உடைக்கும்.

சரி, 'வெல்-நோன்' ஏன் நகருது? 1977ல் மார்க் லிபர்மனும் ஆலன் பிரின்ஸும் இதற்கு விளக்கம் தந்தார்கள். இரண்டு வலுவான அழுத்தங்கள் பக்கத்துப் பக்கத்தில் மோதினால் ஆங்கிலம் முதலாவதை முன்னுக்குத் தள்ளும். 'நோன்', 'ரை' இரண்டும் மோதுது. அதனால 'வெல்' எழும்புது. 'ஹி இஸ் வெல்-நோன்' என்று வாக்கியம் முடிந்தால் மோதல் இல்லை, அழுத்தம் பழைய இடத்திலேயே நிற்கும். 'ஹோம்சிக்' மாதிரி முதலிலேயே அழுத்தம் உள்ள சொல் எங்கேயும் நகராது.

தமிழில் நேர், நிரை பார்த்து அசை பிரிக்கிறோம். அங்கே அழுத்தத்துக்கு வேலையே இல்லை. அதனால நாம ஆங்கில அழுத்தத்தைச் சொல்லோட நிரந்தர விலாசமா மனப்பாடம் பண்றோம், காதில் வேற மாதிரி விழுந்தா நம்ம உச்சரிப்பு மேலயே சந்தேகப்படுறோம். அகராதி காட்டுவது தனிச்சொல்லின் அழுத்தம் மட்டுமே. அடுத்த முறை ஒரு கூட்டுப் பெயரடையைப் படிக்கும்போது, பின்னால் வரும் பெயர்ச்சொல்லையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.